மலை வளாகத்தில் முதல் ஆண்டு: கருத்தரங்கம் முதல் வேலைவாய்ப்பு முகாம் வரை

அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசின் சட்டத்தால் உருவானது. அதன் தலைமை வளாகம் கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டியில் இருக்கிறது. அங்கே முதுகலையிலோ முனைவர் பட்ட ஆய்விலோ புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காகவும், பெரியகுளம், பழனி, திண்டுக்கல் முதலிய ஊர்களின் மகளிர் கல்லூரிகளிலிருந்து கருத்தரங்குகளுக்காக மலையேறி வருபவர்களுக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. வரவிருக்கும் நிகழ்ச்சிகளின் தேதிப் பட்டியல் இதில் இல்லை. தேதிகள் ஆண்டுதோறும் மாறும். சில வேளைகளில் சுற்றறிக்கை வந்த பிறகும் மாறும். நிகழ்ச்சிகள் எந்தக் காலத்தில் வரும், எவற்றைத் தேர்ந்தெடுப்பது, எதை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருப்பது என்பவை மட்டும் பெரிதாக மாறுவதில்லை. மதுரையில் படிப்பவர் இன்று காலை கேள்விப்பட்ட முகாமுக்கு மதியம் போய்விடலாம். மலையில் அது நடவாது. ஆகையால் இங்கே ஆயத்தம் முந்தியும் அறிவிப்பு பிந்தியும் வரும் என்று வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும்.

ஆண்டின் போக்கு

முதல் வேலையாக, ஒரு நாட்குறிப்பேட்டில் இரண்டு பருவங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் பருவத்தில், அதாவது கல்வியாண்டின் முதல் பாதியில், அறிமுக வகுப்புகளும் சேர்க்கை நடைமுறைகளும் முடிந்து ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில்தான் நிகழ்ச்சிகள் சூடு பிடிக்கும். இரண்டாம் பாதியான இரட்டைப் பருவத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை அவை நெருக்கியடித்துக்கொண்டு வரும். இந்த நெருக்கடிக்குக் காரணம் உண்டு. இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு, செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம், தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் போன்றவை கருத்தரங்குகளுக்கு நிதி தருகின்றன. அரசு நிதியைப் பெரும்பாலும் மார்ச் 31க்குள் செலவிட்டுக் கணக்குக் காட்டியாக வேண்டும் என்பதால், ஆண்டு முழுவதும் பரவலாக நடந்திருக்க வேண்டியவை கடைசி மூன்று மாதங்களில் குவிகின்றன. ஒரே வாரத்தில் இரண்டு மூன்று நிகழ்ச்சிகள் வந்து மோதும் என்பதை எதிர்பார்த்தே உங்கள் ஆய்வுக் கட்டுரை வேலையைத் திட்டமிடுங்கள்.

சில நாள்கள் மாறுவதில்லை. தேசியக் கணித நாள் டிசம்பர் 22, தேசிய அறிவியல் நாள் பிப்ரவரி 28, அனைத்துலக மகளிர் நாள் மார்ச் 8, அன்னை தெரசாவின் பிறந்த நாள் ஆகஸ்ட் 26. துறைகள் சொற்பொழிவுகளையும் போட்டிகளையும் இத்தகைய நாள்களை ஒட்டியே வைக்க விரும்பும் என்பதால், அறிவிப்புக்குக் காத்திராமல் அந்தந்த வாரங்களைக் குறித்துவைக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வு (நெட்) ஜூன், டிசம்பர் என்று ஆண்டுக்கு இரு சுழற்சிகளாக நடத்தப்படுகிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமும் தன் ஆண்டுத் திட்டத்தை முன்கூட்டியே வெளியிடுகிறது. இவ்விரண்டையும் அதே குறிப்பேட்டில் சேர்த்துவிட்டால், எந்தப் பயிலரங்கம் உங்கள் தேர்வுத் தயாரிப்பைக் கெடுக்கும், எது அதற்குத் துணை நிற்கும் என்பது பார்த்தவுடன் தெரியும்.

வானிலையையும் குறிப்பேட்டில் சேர்க்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மலைச்சாலையில் மரம் சாய்வதும் மண் சரிவதும் வழக்கம். ஏப்ரல், மே மாதங்களில் சாலை சரியாக இருக்கும், ஆனால் சீசன் கூட்டத்தில் பேருந்து நகராது. வெளியூர் நிகழ்ச்சிகளுக்கு ஜனவரி, பிப்ரவரி, மார்ச் ஆகியவையே நம்பத்தக்க மாதங்கள். குளிருக்குக் கம்பளிச் சட்டை ஒன்று கூடுதலாக இருந்தால் போதும்.

அறிவிப்பைப் படிக்கும் முறை

அறிவிப்புகள் துறையின் அறிவிப்புப் பலகையிலும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் பல்கலைக்கழக இணையதளத்திலும் வரும். மூன்றிலும் ஒரே வேளையில் வருவதில்லை. முதுகலை இரண்டாம் ஆண்டு அக்காமார்களில் ஒருவரையும் ஆய்வு மாணவியர் ஒருவரையும் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். பக்கத்துத் துறையில் நடக்கும் நிகழ்ச்சி உங்கள் துறைக் குழுவுக்கு வராமலே முடிந்துவிடுவதுண்டு. பல்கலைக்கழகத்திற்கு வெளியே, குறிப்பாகச் சின்னாளப்பட்டிக்கு அருகிலுள்ள காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலும் மதுரைக் கல்லூரிகளிலும் நடப்பவற்றை ஆய்வு மாணவியரே முதலில் அறிவார்கள்.

அழைப்பிதழ் கைக்கு வந்ததும் முகப்பில் உள்ள படங்களையும் புரவலர் பெயர்களையும் தாண்டி நான்கு செய்திகளைத் தேடுங்கள்: ஆய்வுச் சுருக்கம் அனுப்பக் கடைசி நாள், முழுக் கட்டுரைக்குக் கடைசி நாள், பதிவுக் கட்டணம், நேரடிப் பதிவு உண்டா இல்லையா. தங்குமிடமும் உணவும் தரப்படுமா என்பதை மலையிலிருந்து போகிறவர்கள் ஐந்தாவதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முதுகலை மாணவியருக்கும் ஆய்வாளருக்கும் ஆசிரியருக்கும் கட்டணம் வேறுபடும். நிதி நல்கை பெற்ற பயிலரங்குகளில் கட்டணமே இல்லாதிருப்பதும் உண்டு. ஆனால் இடங்கள் குறைவு என்பதால் தேர்வு முறை இருக்கும். படிவத்தில் “ஏன் கலந்துகொள்ள விரும்புகிறீர்கள்” என்று கேட்கும் பகுதியை ஒற்றை வரியில் முடித்துவிடாதீர்கள். அதைப் படித்துத்தான் உங்களை எடுப்பார்கள்.

எதற்குப் போவது, எதை விடுவது

புதிதாக வந்தவர் முதலில் போக வேண்டிய நிகழ்ச்சி பொது வாய்மொழித் தேர்வு என்பது என் கருத்து. முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தவர் புறத்தேர்வாளர் முன்னிலையில் தம் ஆய்வை எடுத்துரைத்து வினாக்களுக்கு விடை சொல்லும் நிகழ்வு அது. பெயரிலேயே ‘பொது’ இருக்கிறது. முதலாம் ஆண்டு மாணவி பின்வரிசையில் அமர்ந்து கேட்கத் தடையில்லை. கட்டணமும் பதிவும் சான்றிதழும் இல்லாததால் பலர் எட்டிப் பார்ப்பதில்லை. ஆய்வுச் சிக்கல் என்றால் என்ன, தரவு போதவில்லை என்று தேர்வாளர் எப்போது சொல்வார், ‘இதற்கு முன் இந்தப் பொருளில் யார் ஆய்ந்தார்கள்’ என்ற வினாவுக்கு எப்படி விடை சொல்வது ஆகியவற்றை ஒரே காலைப் பொழுதில் கற்றுத் தரும் வேறு நிகழ்ச்சி வளாகத்தில் இல்லை. போகுமுன், இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் அதே துறையின் பழைய ஆய்வேடு ஒன்றைப் புரட்டிவிட்டுப் போனால் இன்னும் நன்றாகப் புரியும்.

அடுத்து பயிலரங்கங்கள். புள்ளியியல் மென்பொருள், ஆய்வு நெறிமுறை, சுவடியியல், ஆய்வகக் கருவிகள் என்று கையால் செய்து பழகும் எதையும் விடாதீர்கள். தொடக்க விழாவுடன் ஒரு மணி நேரச் சொற்பொழிவாக முடியும் ஒரு நாள் கருத்தரங்குகளில் பொருள் உங்களுக்கு நெருக்கமானதாக இருந்தால் மட்டும் போங்கள். வகுப்பை விட்டுச் செல்ல ஓ.டி. அனுமதி (வராவிட்டாலும் வருகையாகக் கணக்கிடும் அனுமதி) கிடைக்கிறது என்பதற்காக மட்டும் போனால், பருவத் தேர்வின்போது அந்த நாள்களின் பாடத்தைத் தனியே உட்கார்ந்து படிக்க நேரும்.

மலைக்கே உரிய வாய்ப்புகளும் உண்டு. 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நகரத்திலேயே இருக்கிறது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது அங்குதான். அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் கொடைக்கானலில் கோடைக்கால இயற்பியல் பள்ளியையும் நடத்தி வந்திருக்கிறது. இயற்பியல், கணித மாணவியர் புத்தாண்டு பிறந்ததிலிருந்தே அந்நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்த்துவர வேண்டும். தேசிய அறிவியல் நாளையொட்டி ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்றும் துறையில் விசாரியுங்கள். உயிர்த் தொழில்நுட்பம், உணவியல் போன்ற துறைகளில் இருப்பவர்களுக்குத் தடியன்குடிசையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறியாட்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையமும் களப்பயணத்துக்கும் குறுகிய காலப் பயிற்சிக்கும் கேட்டுப் பார்க்கத்தக்க இடங்கள். இத்தகைய அனுமதிகளை மாணவி நேரடியாகக் கேட்பதைவிடத் துறைத் தலைவரின் கடிதத்துடன் கேட்பதே முறை.

கட்டுரை அளிக்கும்போது

ஆய்வுச் சுருக்கத்தை 250 முதல் 300 சொற்களுக்குள் கேட்பார்கள். எதை ஆய்ந்தீர்கள், எந்தத் தரவைக் கொண்டு ஆய்ந்தீர்கள், என்ன கண்டீர்கள் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். “பெண்மையின் பெருமையை இக்கட்டுரை ஆராய்கிறது” என்பது போன்ற பொது வாக்கியம் சுருக்கமாகாது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதைப் பற்றி எழுதும் வணிகவியல் மாணவி, குறியீட்டின் சிறப்பைப் பேசுவதை விட்டு, இரண்டு ஊர்களின் சாகுபடியாளர்களிடம் குறியீட்டுக்குப் பின் விற்பனை முறை மாறியதா என்று கேட்டு எழுதினால், எந்த அவையிலும் அது கவனிக்கப்படும்.

பிறர் எழுத்தை எடுத்தாளும்போது விழிப்பு வேண்டும். மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை; அதற்கு மேல் போனால் திருத்தி எழுதுவது முதல் பதிவு நீக்கம் வரை போகும். இணையத்திலிருந்து வெட்டி ஒட்டியதை மொழிபெயர்த்துவிட்டால் மென்பொருள் கண்டுபிடிக்காது என்று யாராவது சொல்லலாம். மென்பொருளிடம் தப்பினாலும் வினா நேரத்தில் தப்ப முடியாது.

தமிழில் எழுதுபவர்களுக்கு எழுத்துரு ஒரு தனித் தொல்லை. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆயினும் சில கருத்தரங்க மலர்கள் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் கட்டுரை கேட்கின்றன. கட்டுரையை யூனிகோடில் எழுதி வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கு மட்டும் மாற்றி அனுப்புங்கள். மாற்றிய பின் ஒருமுறை முழுதும் படித்துப் பாருங்கள்; சில எழுத்துகள் இடம் மாறிப்போயிருக்கும். அரங்கில் காட்டும் படவில்லைகளை எப்போதும் பிடிஎஃப் வடிவிலும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் வரிகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்த ஐந்து நிமிடம் திரும்ப வராது. பேசக் கிடைப்பது பெரும்பாலும் பத்து நிமிடமே என்பதால், முன்னுரையைச் சுருக்கி முடிவுகளை ஆறாவது நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்பிய எல்லாக் கட்டுரைகளையும் ஏற்று, ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சான்றிதழ் தரும் ‘பன்னாட்டு’ மாநாடுகள் பெருகிவிட்டன. கட்டுரைகளைத் தொகுத்த நூலுக்கு ஐ.எஸ்.பி.என். எண் (பன்னாட்டுத் தர நூல் எண்) இருப்பது அது தரமானது என்பதற்குச் சான்று ஆகாது. அந்த எண்ணை எந்தப் பதிப்பாளரும் பெறலாம். மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிகள், ஆய்வேடு அளிக்குமுன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கிவிட்டன. இதழ்களுக்கென்று மானியக் குழு வைத்திருந்த ‘கேர்’ பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் தமக்கென விதி வைத்துக்கொள்ளலாம் என்பதால், எந்த இதழுக்கும் பணம் கட்டுமுன் நெறியாளரிடம் கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேலைவாய்ப்பு நிகழ்ச்சிகள்

வளாக நேர்காணலுக்கும் வேலைவாய்ப்பு முகாமுக்கும் தேவைப்படும் ஆவணங்களை முதல் பருவத்திலேயே ஒழுங்கு செய்யுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், பட்டச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், உரியவர்களுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆதார், கடவுச்சீட்டு அளவுப் படங்கள் ஆகியவற்றை ஒரு கோப்பிலும், ஸ்கேன் செய்து கைப்பேசியிலும் வையுங்கள். இவற்றுள் அதிகம் தொல்லை தருவது முதலெழுத்து. பள்ளிச் சான்றிதழில் பெயருக்கு முன் ‘எஸ்.’ என்றும், ஆதாரில் பெயருக்குப் பின் தந்தையின் முழுப் பெயரும், வங்கிக் கணக்கில் திருமணத்துக்குப் பின் கணவர் பெயரும் இருந்தால், வேலை கிடைத்த பிறகும் சரிபார்ப்பில் இழுபறியாகும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி மற்றவற்றைத் திருத்திக்கொள்வதே எளிது. திருத்தத்துக்கு நாள் பிடிக்கும் என்பதால் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அதைச் செய்யுங்கள்.

அரசுத் தேர்வு எழுத நினைப்பவர்களுக்குத் தமிழ்வழிக் கல்விச் சான்றிதழ் முக்கியம். தமிழ்வழியில் பயின்றோருக்கு அரசுப் பணி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டு, ஒன்றாம் வகுப்பு முதல் அந்தப் பணிக்குரிய கல்வித்தகுதி வரை தமிழிலேயே படித்திருக்க வேண்டும் என்றாகிவிட்டது. ஆகவே தொடக்கப் பள்ளி முதல் கல்லூரி வரை ஒவ்வோரிடத்திலும் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும். தேர்வு அறிவிப்பு வந்த வாரத்தில் எல்லாரும் பள்ளி வாசலில் நிற்பார்கள். நீங்கள் அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

தன்விவரக் குறிப்பு ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு பக்கம் போதும். கலந்துகொண்ட நிகழ்ச்சிகளின் சான்றிதழ் எண்ணிக்கையை அடுக்காமல், எங்கே கட்டுரை அளித்தீர்கள், எந்தப் பயிலரங்கில் எதைச் செய்யக் கற்றீர்கள் என்று எழுதுங்கள். தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ் இளங்கலையில் ஏதேனும் திறன் பயிற்சி முடித்திருந்தால் அதையும் சேருங்கள். நிறுவனங்கள் வளாகத்துக்கு வரும்போது துறைவாரியாகப் பட்டியல் கேட்பார்கள் என்பதால், வேலைவாய்ப்புப் பிரிவில் பெயரைப் பதிவு செய்திருப்பதும் அரியர் இல்லாதிருப்பதும் அவசியம். மலையேறி வர இயலாத நிறுவனங்கள் இணையவழியில் நேர்காணல் நடத்தும். விடுதி அறையில் சிக்னலை நம்பி உட்காராமல், துறைக் கணினி ஆய்வகத்தை அந்த நேரத்துக்கு முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் திண்டுக்கல்லில் இருக்கிறது. தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களை நடத்துவதும், தன்னார்வப் பயிலும் வட்டத்தின் மூலம் அரசுத் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடத்துவதும் அந்த மையமே. முகாமுக்கு அனுமதி இலவசம். தன்விவரக் குறிப்பில் பத்துப் படிகள் எடுத்துக்கொண்டு, முதலில் எல்லா மேசைகளையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, உங்கள் படிப்புக்கு உரிய நான்கைந்து நிறுவனங்களில் மட்டும் நில்லுங்கள். பணியிடம் எந்த ஊரில், மகளிருக்குத் தங்குமிடம் உண்டா, கையில் கிடைக்கும் சம்பளம் எவ்வளவு, பயிற்சிக் காலம் எத்தனை மாதம் என்ற கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். பதிவுக் கட்டணம், பாதுகாப்பு வைப்புத்தொகை, சீருடைக்கு முன்பணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும், அசல் சான்றிதழைக் கேட்டாலும் அந்த இடத்தை விட்டு விலகிவிடுங்கள்.

கற்பித்தலிலும் ஆய்விலும் நிலைக்க விரும்புபவர்களுக்கு இவை அனைத்தையும்விட முக்கியமானது தேசியத் தகுதித் தேர்வு. அதில் முன்னணியில் தேறுபவர்களுக்குக் கிடைக்கும் இளநிலை ஆய்வு நல்கை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். முதுகலை இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்கலாம் என்பதால், துறையில் பயிற்சி வகுப்பு அறிவித்தால் முதலாமாண்டிலேயே போய் உட்காருங்கள்.

மலைச்சாலையும் நிகழ்ச்சி நாளும்

கீழே காலை ஒன்பதரைக்குத் தொடங்கும் நிகழ்ச்சிக்கு அன்று காலை புறப்பட்டுப் போவது அறிவுடைமை ஆகாது. வத்தலகுண்டு வழியாகத் திண்டுக்கல்லோ மதுரையோ சென்று சேர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். வளைவுகளில் தலைசுற்றுபவர்களுக்கு இறங்கிய பின் இன்னும் ஒரு மணி நேரம் தேவைப்படும். முந்தைய நாளே இறங்கி, தோழி வீட்டிலோ நிகழ்ச்சி நடத்தும் கல்லூரியின் விடுதியிலோ தங்குங்கள். விடுதிக் காப்பாளரிடம் அனுமதிக் கடிதம், வீட்டாரின் ஒப்புதல், துறைத் தலைவரின் கையொப்பம் ஆகிய மூன்றும் இரண்டு நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். பழனிச் சாலையும் வத்தலகுண்டுச் சாலையும் பெருமாள்மலையில் சேர்கின்றன. ஒன்று அடைபட்டால் மற்றது திறந்திருக்கிறதா என்று பேருந்து நிலையத்தில் கேட்டுவிட்டே புறப்படுங்கள்.

நிகழ்ச்சியை நீங்கள் நடத்தும் தரப்பில் இருந்தால் விருந்தினர்களுக்கு இரண்டு செய்திகளை முன்பே சொல்லுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்குத் தேவையில்லை. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கு மலையில் தடை இருக்கிறது. மேடையில் வழக்கமாக வைக்கும் சிறு புட்டிகளுக்கு மாற்றாக எவர்சில்வர் செம்பும் டம்ளரும் ஏற்பாடு செய்வது மாணவியர் குழுவின் பொறுப்பாகவே பெரும்பாலும் வந்து சேரும்.

அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்காதீர்கள். சமவெளிக் கல்லூரிகளில் சிறப்பு விருந்தினர் பேசி முடித்ததும் வண்டியேறிவிடுவார். இங்கே சாலை நீளமானது என்பதால் பலர் முந்தைய மாலையே வந்து தங்குகிறார்கள். அந்த மாலைத் தேநீர் வேளையில் ஒரு பேராசிரியரிடமோ நிறுவன அலுவலரிடமோ அரைமணி நேரம் பேசக் கிடைப்பது மலை வளாகத்தின் தனிப்பேறு. வரவேற்புக் குழுவில் இருப்பவர்களுக்கே அது கிடைக்கும். அவருடைய கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டுப் போங்கள். “எனக்கு ஏதாவது தலைப்புச் சொல்லுங்கள், ஐயா” என்று கேட்பதைவிட, உங்கள் தலைப்பில் எங்கே நின்றுபோயிருக்கிறீர்கள் என்று சொல்லி வழி கேட்டால் பேச்சு வளரும்.

அரங்கில் வினாக் கேட்கும்போது பெயரையும் துறையையும் சொல்லி, ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். இப்போது பல நிகழ்ச்சிகளில் பின்னூட்டப் படிவத்தின் இணைப்பைக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் தருகிறார்கள். அதை நிரப்பினால்தான் சான்றிதழ் மின்னஞ்சலில் வரும். அதில் உங்கள் பெயரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே தட்டச்சு செய்யுங்கள். வந்த சான்றிதழை அன்றே, ஆண்டும் நிகழ்ச்சியின் பெயரும் தெரியும்படி பெயரிட்டுச் சேமியுங்கள். சான்றிதழ் ஒரு வாரத்தில் வராவிட்டால் ஒருங்கிணைப்பாளருக்கு ஒருமுறை எழுதிக் கேட்கலாம். மழையாலோ சாலை அடைப்பாலோ கலந்துகொள்ள முடியாமல் போனால் அன்று காலையே அவருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். உங்கள் கட்டுரையை இணையவழியில் அளிக்க இடம் தரவோ வேறு அமர்வுக்கு மாற்றவோ அவரால் அப்போதுதான் முடியும்.